நடுக்கடலில் வந்த மரியாதை

மால்டாவை விட்டுக் கப்பல் கிளம்பிய மறுநாள் காலை, கிட்டுசாமி தன் மனைவியைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார்.

தனபாக்கியம் இரண்டு கைகளிலும் காபிக் கோப்பைகளோடு மேல்தளத்து உணவுக்கூடத்தில் நின்றிருந்தாள். தனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் தட்டில் முலாம்பழத் துண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. கிட்டுசாமி எழுந்து எதிர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அந்நியப் பெண்களிடம் அவருக்கு எப்போதும் உள்ள கூச்சத்தோடு, பார்வையை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தால் 'ஏ புள்ள'. மனசு நன்றாக இருந்தால் 'தனம்'. "சாவிய எங்க வெச்சே?", "சீக்கிரம் வா, ஃப்ரீவேல டிராஃபிக் சேந்துரும்." முப்பத்துநாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கென்று ஒரு 'ங்க' விழுந்ததில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை. நண்டு சிண்டுக்கெல்லாம் 'ங்க' போட்டுப் பேசுகிற கோயம்புத்தூர்ப் பக்கத்தில், அது இல்லாமல் கூப்பிடப்படுவதுதான் பெண்டாட்டியின் உரிமை.

"நம்மூர்ப் பக்கமுங்களா?" என்று கேட்டார் கிட்டுசாமி. "சேலை கட்டிருக்கறதப் பாத்தா அப்படித் தெரியுது."

கையிலிருந்த காபி சூடாகச் சிந்தி மணிக்கட்டில் வழிந்தது. அவள் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

"மாமா, நாந்தானுங்க. தனம்."

அவர் சற்றே பின்வாங்கினார். பிறகு மரியாதையாகச் சிரித்தார். "மாமாங்கறீங்க, ஒறம்பரைங்களா? எனக்கு அடையாளம் தெரியலீங்களே. எம்பட வீட்டுக்காரி பேருங்கூட தனபாக்கியந்தானுங்க. ஊர்ல இருக்குது."

இப்படி ஒரு நாள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் மில்பிடாஸில் இருக்கும் தன் அலுவலகத்துக்குக் கிளம்பிய கிட்டுசாமி, வழி தெரியாமல் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள கில்ராய்வரை ஓட்டிக்கொண்டு போய், ஒரு பெட்ரோல் பங்கில் நின்று வீட்டுக்குப் போன் செய்தார். இருபத்திரண்டு வருஷம் தினமும் போய் வந்த வழி அது. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனியில், முகத்தை மூடி, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வேலை பார்த்த இன்ஜினியர் அவர். தூசு ஒன்று விழுந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். குபெர்டினோ டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மறதி நோய், இன்னும் இன்னும் கூடிக்கொண்டுதான் போகும், திரும்பி வராது என்றார். கிட்டுசாமிக்கு அப்போது அறுபத்துமூன்று வயது முடியவில்லை.

அன்று காரில் திரும்பும்போது அவர்தான் பேச்சை எடுத்தார். "முழுசா மறக்கறதுக்குள்ள ஒரு வேலை பாக்கி இருக்குது தனம். உனக்கு நேப்பிள்ஸக் காட்டறேன்னு சொன்னேன்ல."

அது அவள் அமெரிக்கா வந்த புதிதில் அவர் சொன்ன வார்த்தை. 1966-இல் உடுமலைப்பேட்டையிலிருந்து மேல்படிப்புக்காக டெக்ஸாஸ் கிளம்பிய கிட்டுசாமி, பம்பாயில் கப்பல் ஏறி, சூயஸ் வழியாக நேப்பிள்ஸில் இறங்கி, அங்கே அமெரிக்கா போகும் கப்பலுக்காக ஒற்றைப் பெட்டியோடு காத்திருந்தார். கடலையே அதுவரை பார்த்திராத ஆள். அந்தத் துறைமுகத்தையும், அதற்குப் பின்னால் புகை பிடித்த கிழவன்போல் உட்கார்ந்திருந்த எரிமலையையும் பற்றி அவர் ஆயுளுக்கும் பேசியிருக்கிறார். தனபாக்கியம் இரண்டு வருஷம் கழித்து விமானத்தில் வந்தவள். அவள் வழியில் பார்த்ததெல்லாம் மேகம்தான்.

மகள் ரோஷினி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். கேட்டதும் பதறினாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? த்ரீ வீக்ஸ்? வாட் இஃப் ஹி கெட்ஸ் லாஸ்ட்?" டல்லாஸில் இருந்த மகன் மதனும் போனில் அதையேதான் சொன்னான். தனபாக்கியம் சன்னிவேல் வீட்டில் தமிழ்க் குழந்தைகளுக்கு டேகேர் நடத்திவந்தாள். குழந்தைகளின் தாய்மாருக்குச் சொல்லி ஒரு மாதம் கதவைச் சாத்தினாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம், நீச்சல் தெரியாது, அமராவதி அணையைப் பார்த்தே தலைசுற்றும். ஆனாலும் கிளம்பினாள். இது 1998 செப்டம்பரில்.

முதல் இரண்டு வாரமும் அவள் நினைத்ததைவிட நன்றாகவே போயின. ஏதென்ஸ் பக்கத்தில் கப்பல் ஏறினார்கள். கிரீட் தீவில் அவர் ஆலிவ் மரங்களைத் தொட்டுப் பார்த்து, "நம்மூரு வேலாமரம் மாதிரி வறட்சிக்கு அஞ்சாத சாதி" என்றார். வெனிஸில் ஒரு சின்னப் பாலத்தின் மேல் அவள் தயங்கி நின்றபோது கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றைக்குப் பிறகு ஊரறிய அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிடித்த கையை இறங்கின பிறகும் விடவில்லை. அறை எந்தப் பக்கம் என்று மட்டும் அடிக்கடி குழம்பினார். மால்டாவில் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். களைப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் இந்த 'வாங்க.'

அன்று பகல் முழுவதும் கப்பல் கடலிலேயே போனது. கரை கண்ணில் படவில்லை. தளத்தில் சாய்வு நாற்காலிகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டுசாமி, அயலூரில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில், தன் மனைவியைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நெம்ப வாயாடிங்க. எங்க அம்மா ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லும். கெணத்து மேட்டுல நின்னு சிரிச்சா நாலு தோட்டத்துக்குக் கேக்கும். நான் கெளம்பறப்ப மட்டும் ஒரு வார்த்தை பேசல. ரயில்வே ஸ்டேஷனுக்கும் வரல. தலைய ஆட்டிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு."

"அழுதிருக்குமுங்க" என்றாள் தனபாக்கியம்.

"அழுகற சாதி இல்லீங்க அது." அவர் பெருமையோடு சொன்னார்.

அவள் அன்று அடுப்படிக்குள் போய், ஈர விறகை ஊதுகிறமாதிரி உட்கார்ந்து கண் எரிய அழுதிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காத்திருந்தது இருபத்துநாலு வயதுக்காரிக்காக. கிணற்று மேட்டில் சிரித்தவளுக்காக. அவர் கண்ணில் இவள் ஊர்ப்பக்கத்துக் கிழவி. நரைத்த தலையும், குழந்தைகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன முழங்காலும், இங்கிலீஷ் பேசக் கூசிக் கூசிச் சுருங்கிப்போன பேச்சுமாக யாரோ ஒரு அம்மா. தன்மேலேயே ஒரு பெண்ணுக்குப் பொறாமை வருமா? தனபாக்கியத்துக்கு வந்தது. அந்தச் சின்னவளை எங்கேயாவது கண்டால் முடியைப் பிடித்து இழுத்துக் கேட்டிருப்பாள்: நாலு தோட்டத்துக்குக் கேட்கச் சிரித்தவளாமே, அந்தச் சிரிப்பை எங்கேடி போட்டாய்?

சாயங்காலம் அவள் அறைக்கதவைத் திறந்தபோது, அவர் உள்ளிருந்து வந்து குறுக்கே நின்றார்.

"நீங்க இங்க வரக்கூடாதுங்க. இது எம்பட ரூமு."

"சித்த வழி விடுங்க..."

"தப்பாயிருமுங்க. நானும் கண்ணாலமானவன், உங்க கழுத்துலயும் தாலி இருக்குது. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" அவர் குரலில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. தன் மனைவிக்குத் துரோகம் வந்துவிடக்கூடாதே என்கிற பயம். அவளுக்கு உண்மையாக இருப்பதற்காகவே அவளை வெளியில் நிறுத்தியிருந்தார்.

நடைபாதையில் இரண்டு பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனார்கள். அறைகளைச் சுத்தம் செய்கிற பையன் துண்டுகளைச் சுமந்தபடி நின்று, "எனி பிராப்ளம், மேடம்?" என்றான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு கிட்டுசாமியிடம் திரும்பினாள்.

"நான் கப்பல்ல நர்ஸுங்க. உங்களப் பாத்துக்கச் சொல்லி உங்க வீட்டுக்காரம்மாதான் ஏற்பாடு பண்ணிருக்காங்க."

கிட்டுசாமியின் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா? அது அப்படித்தானுங்க, எல்லாத்தையும் யோசிச்சுச் செய்யும். வாங்க, வாங்க."

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தனபாக்கியம் இன்னொரு கட்டிலில் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நேப்பிள்ஸ். இறங்க வேண்டாம், கப்பலிலேயே இருந்துவிடலாம் என்று அவள் தீர்மானித்திருந்தாள். ஆனால் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அறை காலியாக இருந்தது. அலமாரியிலிருந்த அவருடைய சட்டைகளும், அழுக்குத் துணி போடுகிற பிளாஸ்டிக் பையும் இல்லை.

ஈரத் தலையோடு ஓடினாள். உணவுக்கூடம், மேல்தளம், மாடிப்படிகள். இறங்குவாசலில் இருந்த காவலாள், ஆமாம், ஒரு இந்தியர் இறங்கிப் போனார், கைகூட ஆட்டினார் என்றான். அவள் கைப்பையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள். அத்தனை வருஷம் அவர் வாயால் கேட்ட துறைமுகத்தில் அவள் கால் வைத்தது இப்படித்தான். எரிமலை அங்கேதான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

பயணிகள் கூடத்துக்குள், சுவரோரப் பெஞ்சில் கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பக்கத்தில் ஒரு இளம் போலீஸ்காரர் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மை ஹஸ்பெண்ட்" என்றாள் தனபாக்கியம் மூச்சிரைக்க. "ஹி இஸ் மை ஹஸ்பெண்ட்."

போலீஸ்காரர் கிட்டுசாமியைப் பார்த்தார். "யுவர் வைஃப்?"

"நோ சார்." கிட்டுசாமி எழுந்து நின்று பணிவாகச் சொன்னார். "மை வைஃப் இஸ் இன் இந்தியா. ஷி இஸ் எக்ஸ்பெக்டிங். திஸ் லேடி இஸ் எ நர்ஸ். வெரி கைண்ட் லேடி."

போலீஸ்காரரின் பார்வை சந்தேகத்தோடு அவள் பக்கம் திரும்பியது. வயதான ஒருவரைப் பின்தொடர்ந்து வந்து அவர் கையிலிருப்பதைப் பறிக்கப் பார்க்கிறவளைப் பார்க்கிற பார்வை. தனபாக்கியம் பையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தாள். ஒரே குடும்பப் பெயர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அவர். புரிந்ததும் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார்.

தான் இவருடைய பெண்டாட்டிதான் என்று ஒரு அந்நியனிடம் காகிதத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. தனபாக்கியம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். ஆனால் அவளை அடித்தது அது இல்லை. 'எக்ஸ்பெக்டிங்' என்றாரே, அந்த வார்த்தை.

அவர் கப்பலேறியபோது அவள் முழுகாமல் இருந்தாள். அவர் டெக்ஸாஸில் குளிரோடு மல்லாடிக்கொண்டிருந்த கார்த்திகை மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. தோட்டத்துக் கோடியில் புதைத்தார்கள். பால் கட்டி மார்பு கல்லாக வலித்த நாட்களில், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள். படிக்கப் போனவனுக்கு இதையெல்லாம் எழுதி மனசைக் கலைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தள்ளிப்போட்டார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அவள் அமெரிக்கா வந்து சேர்ந்தபோதும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பார்க்காத குழந்தை, ஆம்பளைக்கு என்ன வலிக்கப்போகிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். பிறகு மதன், பிறகு ரோஷினி. முதல் ஒன்று இருந்தது என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கப்பல் எப்ப வருமுன்னு தெரியலீங்க" என்றார் கிட்டுசாமி. குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அப்படி ஒரு துள்ளலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. "போய்ச் சேந்ததும் ரூமு பாக்கணும். கொழந்த பொறந்து தல நின்னதும் அவளக் கூப்புட்டுக்கலாம். பொண்ணாத்தான் பொறக்கும்."

"எப்படித் தெரியுமுங்க?"

"தெரியும். பேருகூட முடிவு பண்ணிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அவகிட்டயுஞ் சொல்லல. பெரியவங்க சாமி பேரு வெக்கோணும்பாங்க, சண்ட வரும்." அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். "நீங்க வெளியில சொல்லிராதீங்க. சாந்தாமணி."

தனபாக்கியம் அவர் பக்கம் திரும்பினாள்.

"டெக்குல ஆளில்லாத நேரமாப் பாத்து, கடலப் பாத்துக் கூப்புட்டுப் பாத்தனுங்க. சாந்தாமணி, சாந்தாமணீன்னு. கூப்படறதுக்கு நல்லா இருக்குது. நீங்களே ஒருக்காச் சொல்லிப் பாருங்க."

"சாந்தாமணி" என்றாள் அவள்.

"பாத்தீங்களா?"

கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே ஒரு படகு ஊதிக்கொண்டு போனது. பள்ளிப்பிள்ளைகள் கூட்டம் ஒன்று சத்தமிட்டுக்கொண்டு கடந்தது. கிட்டுசாமி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"நீங்க எப்பவாச்சும் ஊருப்பக்கம் போனீங்கன்னா, உடுமலையில எங்க வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவீங்களா? நான் சௌரியமா இருக்கறேன்னு சொல்லுங்க. கொழந்தயப் பத்தரமாப் பாத்துக்கச் சொல்லுங்க. அது ஒண்ணுதான்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் முப்பத்திரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். பத்திரமாகப் பார்த்துக்கொண்டாயா என்று அவர் ஒருநாள் கேட்டுவிடுவாரோ என்று. குளிர்காற்றில் வெளியே கொண்டுபோனேனோ, பால் போதவில்லையோ, வைத்தியரை ஒரு நாள் முன்னால் கூப்பிட்டிருக்கலாமோ என்று தனக்குள்ளே கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்விகள்.

"அவ நல்லாப் பாத்துக்கிட்டாளுங்க" என்றாள். "கீழயே விடல. ராத்திரி பகலா மடியிலேயே வெச்சிருந்தா. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அவள் சொன்னது நடந்து முடிந்த கதை என்பது அவருக்கு உறைக்கவில்லை. "அதுக்கென்னங்க, அவ நல்லாத்தான் பாத்துக்குவா" என்றார் சாதாரணமாக. "எனக்குத் தெரியாதுங்களா?"

தனபாக்கியம் முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு அழுதாள். கிட்டுசாமி பதறிப்போனார். தொட்டுத் தேற்றக் கூச்சம். பையிலிருந்து தன் சட்டை ஒன்றை எடுத்து, முகம் துடைத்துக்கொள்ளும்படி நீட்டினார். "உங்களுக்கும் ஏதோ சங்கட்டம் இருக்குதாட்ட இருக்குது. எல்லாஞ் சரியாப் போகுமுங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, "அமெரிக்கா போற கப்பல் வந்திருச்சுங்க, அதோ" என்று தாங்கள் வந்த கப்பலையே காட்டினாள். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாக நடந்தார்.

லிவோர்னோவிலும் மார்சேலிலும் அவர்கள் இறங்கவில்லை. கப்பல் டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார். கிட்டுசாமி அதிகமும் தூங்கினார். மார்சேலில் கப்பல் நின்றபோது தனபாக்கியம் ரோஷினிக்குப் போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்விக்கு, நல்லா இருக்கார் என்றாள். "அண்ட் யூ? அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டதும் அவள் போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள். ரோஷினி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பார்சலோனாவுக்கு விமானம் பிடித்துவிட்டாள்.

பயணம் முடிந்து பார்சலோனாவில் எல்லோரும் பெட்டிகளோடு இறங்கினார்கள். வெயிலில் கண் கூசியது. தடுப்புக்கு அப்பால் ரோஷினி நின்றிருந்தாள். தூங்காத கண்கள், அள்ளி முடிந்த தலை. இருபத்தாறு வயதில் அவள் அச்சாகத் தாயைப்போல இருந்தாள், எல்லோரும் சொல்வதுதான்.

கிட்டுசாமி நின்றார். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"தனம்!"

அவர் ஓடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ரோஷினியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா? எப்படி வந்தே? யாரு கூட்டியாந்தாங்க? ஏன் புள்ள இப்படி எளச்சுப் போயிட்டே?"

வா, போ, புள்ள. அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்றும் தொலைந்துபோகவில்லை. வேறு ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

"அப்பா, இட்ஸ் மீ, ரோஷினி..." என்று தொடங்கியவள், அவர் தோளுக்கு மேலாகத் தாயைப் பார்த்தாள். தனபாக்கியம் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ரோஷினி தனக்குத் தெரிந்த தமிழில், "ஆமா. வந்துட்டேன்" என்றாள்.

கிட்டுசாமி அவள் கைகளைப் பார்த்தார். வெறும் கைகள். சுற்றிலும் தேடினார். சந்தோஷம் மெல்ல வடிந்து, முகத்தில் கலவரம் ஏறியது.

"கொழந்த எங்க?"

ரோஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. "வாட் பேபி?" என்றாள் தாயிடம், கிட்டத்தட்ட சத்தமில்லாமல்.

"கொழந்த எங்க தனம்? எங்க உட்டுட்டு வந்தே?" அவர் குரல் உயர்ந்தது. தோளை உலுக்கினார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் முன்னால் வந்தாள். "தூங்குதுங்க" என்றாள். "சாந்தாமணி தூங்குதுங்க. இப்பத்தான் பால் குடிச்சுத் தூங்குச்சு. சத்தம் போட்டா எந்திரிச்சுரும்."

உடனே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விரலை உதட்டில் வைத்தார். "சரிங்க, சரிங்க" என்று கிசுகிசுத்தார். டாக்ஸிவரைக்கும் அடிமேல் அடிவைத்து, காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தார்.

விமானத்தில், அவர் தூங்கிய பிறகு, தனபாக்கியம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தமிழிலேயே சொன்னாள். ரோஷினி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன்பின் கிட்டுசாமி இரண்டரை வருஷம் இருந்தார். டேகேரைத் தனபாக்கியம் மறுபடி திறக்கவில்லை. சன்னிவேலில் தன் சொந்த வீட்டில் அவள் நர்ஸாக இருந்தாள். காலையில் "வாங்கம்மா" என்பார். ஊட்டிவிட்டால், "உங்களுக்கு எத்தன சிரமம்" என்பார். பொழுது சாய்ந்தால் அவருக்கு அமைதி போய்விடும். "நேரமாச்சுங்க, உங்க வீட்டுல தேடுவாங்க. கெளம்புங்க" என்று விரட்டுவார். கிளம்பாவிட்டால் பயந்து கத்துவார். ஆகவே அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக இறங்குவாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் உள்ளே வந்து, ராத்திரி நர்ஸாக முகத்தைக் காட்டுவாள். மழை நாட்களில் குடையோடு சுற்றிவருவாள். அந்த வீட்டில் அவள் தினமும் ஒருமுறை விடைபெற்றுக்கொண்டு போனாள்.

வார இறுதியில் ரோஷினி வரும் நாட்களில் மட்டும் அவர் 'தனம்' என்று கூப்பிடுவார். சமையலறையில் இருந்தபடியே தனபாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி வருஷத்தில் அதுவும் நின்றது. மகளும் 'நீங்க' ஆகிவிட்டாள். அப்புறம் பேச்சே நின்றது.

2001 மார்ச்சில், நிமோனியா வந்து, ஒரு மத்தியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார். தனபாக்கியம் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நிமிஷம் அடையாளம் தெரிந்துகொண்டு பார்த்தாரா என்று பிறகு பலரும் கேட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

சடங்கு நடந்த இடத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். மதன் டல்லாஸிலிருந்து வந்து கொள்ளிக்கான காரியங்களைச் செய்தான். ஊர்க்காரரான வெங்கடாசலம்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பிள்ளைகள் போட்டார்கள். வெங்கடாசலம் நிமிர்ந்து, "வீட்டுக்காரம்மா வரட்டுங்க" என்றார்.

யாரும் முன்னால் வரவில்லை. கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. முன்வரிசையில் நின்றிருந்த தனபாக்கியமும் ஒதுங்கினாள். ஒதுங்கி, மற்றவர்களைப்போலவே, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ரோஷினிதான் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். வெங்கடாசலம் அரிசித் தட்டை நீட்டினார். தனபாக்கியம் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கிட்டுசாமியிடம் போனாள்.